கண்மாயில் அடித்த மணி

"சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அவனா ஒத்துக்கிடணும். இல்லேன்னா நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும். ரெண்டுல எதுனாலும் எனக்குச் சம்மதம்," என்றார் நல்லகாமன்.

துப்பறிவாளர் தமிழ்ச்செல்வி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. அவள் உதவியாளன் பேயாண்டி காபி வருமா என்று வாசலைப் பார்த்தான்.

நல்லகாமன் கிளிக்கூண்டு பதிப்பகத்தின் உரிமையாளர். மதுரையில் சிறுவர் புத்தகம் மட்டுமே போட்டு இன்னும் கடையைச் சாத்தாமல் இருப்பவர். அது எப்படி என்பதே தனியாகத் துப்பறிய வேண்டிய விஷயம். விடை ஒரே சொல்: தும்பை. பன்னிரண்டு வயதுத் துப்பறியும் சிறுமி. பப்படம் என்ற பையன் அவளுக்கு உதவியாள். தேன்மாறன் என்ற எழுத்தாளர் எழுதும் இந்தத் தொடரில் பன்னிரண்டு புத்தகங்கள் வந்துவிட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறார்கள். பதின்மூன்றாவது அச்சுக்குத் தயாராக இருக்கிறது. அதில்தான் இப்போது வில்லங்கம்.

"அச்சுக்கே போகாத புத்தகத்தோட கடைசி அத்தியாயம் போன வியாழக்கெழமை நெட்டுல வந்து கெடக்கும்மா. கதை எழுதுற சைட்டு ஒண்ணு. முடிவு அப்படியே அச்சு அசலா இருக்கு. கையெழுத்துப் பிரதியைப் பாத்தது மொத்தம் மூணே பேரு. எழுதுனவுக, நானு, இந்தா நிக்கிறானே அருள்பாண்டி, டைப் அடிக்கிறவன்."

"உங்களைச் சந்தேக லிஸ்ட்டுல இருந்து எப்பண்ணே எடுத்தீங்க?" என்றான் பேயாண்டி.

"ஏன்டா, எம் பொழப்புல நானே மண்ணள்ளிப் போடுவேனா?"

"புள்ளைகளுக்குப் புத்தகம் போடுறதே அந்த சோலிதானண்ணே."

மூலையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்த அருள்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுத்து அடிப்பவன்.

"அக்கா, தேன்மாறன் கையெழுத்தைப் படிச்சுப் படிச்சே கண்ணாடி போட்டவன் நானு. ஒருவாட்டி அடிக்கவே உசுரு போகுது. ரெண்டாம்வாட்டி நெட்டுல போடுறதுக்கு வேற அடிப்பேனா? பேரு கெட்டுப்போச்சுன்னா மதுரையில எந்த பிரஸ்ஸுலயும் என்னை நம்பி ஒரு பக்கம் குடுக்க மாட்டாக. புள்ளை பொறந்து இன்னும் நாப்பது நாள் ஆகலக்கா," என்றான். 

தமிழ்ச்செல்வி நல்லகாமன் பக்கம் திரும்பினாள். பாவம் பார்த்துத் துப்பறிந்தால் எல்லோரும் நிரபராதி ஆகிவிடுவார்கள் என்பது அவள் கட்சி. வரன் பார்க்கும் வீட்டாருக்காகச் செய்த கல்யாண விசாரணையில் பன்னிரண்டு வருடம் அடிபட்டுச் சேர்த்த ஞானம் அது.

"எழுத்தாளர் என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

நல்லகாமன் குரலைத் தாழ்த்தினார். "அது ஒரு ரகசியம். தேன்மாறன்கிறது ஆம்பளை இல்ல. விக்டோரியா டீச்சர். மிஷன் ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருக்காங்க. ஸ்கூலுக்குத் தெரியாம எழுதுறாங்க, பெர்மிஷன் வாங்கல. வெளிய விட்றாதீங்க. நேத்து போன்ல விஷயத்தைச் சொன்னேன். 'அவன் இருக்கிற இடத்துல என் தும்பை இருக்க மாட்டா, நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன், அதுக்குள்ள அவனைத் தூக்குங்க'ன்னாங்க. அவுக போயிட்டா பதிப்பகத்துல கூண்டுதேன் மிஞ்சும், கிளி இருக்காது."

"நெட்டுல வந்ததை அவங்க படிச்சாங்களா?"

"எங்க? காலாண்டு மார்க்கு ரெஜிஸ்டர்ல ஏத்துற வேலை கெடக்கு, நேரமில்லேன்னுட்டாங்க."

படிக்காமலே ஒருவன் வேலையைப் பறிக்கும் அவசரம் தமிழ்ச்செல்விக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பிரதிகளையும் வாங்கினாள். எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது அவள் வழக்கம்.

கதை இதுதான். ஊர்க் கபடிக் கோப்பை காணாமல் போகிறது. தும்பையும் பப்படமும் தேடிக்கொண்டு வற்றிப்போன கண்மாய்க்குப் போகிறார்கள். சேற்றுக்குள் கோப்பை கிடைக்கிறது. ஒளித்து வைத்தவன் வேறு யாருமில்லை, பப்படம்தான். 'நீயே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறாய். நானும் ஒரு தடவையாவது கண்டுபிடிக்கலாம் என்றுதான் ஒளித்து வைத்தேன்' என்கிறான். அதற்குப் பிறகு இரண்டே வாக்கியங்கள். தும்பை வாயைத் திறந்தாள். மணி அடித்தது.

இரண்டு பிரதியிலும் அதே முடிவு. அதே மணி.

பேயாண்டி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். "நல்ல கதைக்கா. மனசைத் தொட்டிருச்சு. உதவியாளு வச்சிருக்க ஒவ்வொருத்தரும் படிக்கணும்."

"வாயை மூடு. நல்லகாமன் சார், இந்த மணி எங்கே அடிக்குது?"

"திறந்த முடிவும்மா அது. பிள்ளைக யோசிக்கணும். எனக்கே புல்லரிச்சுப்போச்சு."

"யோசிச்சுட்டேன். நிக்கிறது கண்மாய் நடுவுல. சுத்தி கருவேலங்காடு. கோயில் இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, ஒரு ஆடு கூட இல்ல. எந்த மணி?"

"அது குறியீடு."

"ஐஸ் வண்டியா இருக்கும்கா," என்றான் பேயாண்டி.

"கண்மாய்ச் சேத்துக்குள்ள எவன்டா ஐஸ் வண்டி தள்ளுவான்?"

அவளுக்கு அந்த மணியை விட மனம் வரவில்லை. இரண்டு பிரதியையும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் வந்த அருள்பாண்டி எதுவும் கேட்காமல் அவள் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக் கொடுத்தான். கேட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

முனை டீக்கடையில் பேயாண்டி செல்போனில் அந்த இணையதளத்தைத் திறந்தான்.

"எழுதுனவுக பேரு 'அடிஷனல் ஷீட்'டாம். இதுக்கு முன்னாடி பத்துக் கதை போட்டிருக்கு. எல்லாமே தும்பைக் கதைதேன், ஆனா தேன்மாறன் எழுதாதது. ஒண்ணுல தும்பைக்கு மஞ்சக்காமாலை வந்து பப்படமே கேஸை முடிக்கிறான். இன்னொண்ணுல பப்படத்துக்குச் சைக்கிள் வாங்கிக் குடுக்குறாக. இதென்னக்கா, ஆளு தெரியாம அடுத்தவுக வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போட்ட மாதிரி?"

"அதுக்கு ரசிகர் கதைன்னு பேரு. பிடிச்ச பாத்திரத்தை விட மனசில்லாதவங்க தாங்களா எழுதிப் பாக்குறது. எம்புட்டுப் பேர் படிக்கிறாங்க?"

"நாப்பத்தாறு. அதுல பாதி 'சூப்பர் அக்கா, அடுத்த பார்ட் எப்போ'ன்னு கேட்டிருக்கு."

தமிழ்ச்செல்வி பதினோராவது கதையை மறுபடி விரித்தாள். இம்முறை முதல் பக்கத்திலிருந்து. பாதி வடையில் நிறுத்தினாள்.

"டேய், இதைப் பாரு. 'முன்னுரை' ன்னு தலைப்பு போட்டு அடிக்கோடு. அப்புறம் 'கோப்பை காணாமல் போதல்', அதுக்கொரு அடிக்கோடு. 'கண்மாய்க்குச் செல்லுதல்', அதுக்கும். மத்த பத்துக் கதையில இப்படி இருக்கா?"

பேயாண்டி தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இல்லக்கா. அதெல்லாம் கதையாத்தேன் இருக்கு. இது மட்டும் கட்டுரை நோட்டு மாதிரி இருக்கு. எடுத்ததும் நாலு வரி ஒரு தினுசு, அதுக்கப்புறம் வேற ஆளு எழுதுன தினுசு."

"அருள்பாண்டி திருடியிருந்தா எதுக்குடா முன்னுரை போடுறான்?"

"மார்க்குக்காக இருக்கும்," என்று பேயாண்டி விளையாட்டாகச் சொன்னான். பிறகு டீயைக் கீழே வைத்தான். "அக்கா, நான் ஆறாப்பு படிக்கிறப்ப ஒரு கூத்து. வரலாறு பரீட்சை. காந்தி பொறந்த ஊரு எதுன்னு கேட்டிருந்தாக. எழுதப் போறேன், பெல்லு அடிச்சுருச்சு. சார் பேப்பரைப் புடுங்க வாராரு. பதட்டத்துல 'மணி அடித்துவிட்டது'ன்னு எழுதிக் குடுத்துட்டேன். காந்தி அந்த ஊர்லதேன் பொறந்தாருன்னு நெனச்சியான்னு மூணு நாளு பெஞ்சு மேல நிக்க வச்சாரு."

தமிழ்ச்செல்வி அவனையே பார்த்தாள். அவனுக்குப் பயம் வந்தது.

"என்னக்கா, பழசைச் சொல்லக் கூடாதா?"

"மணி கண்மாயில அடிக்கலடா. பரீட்சை ஹால்ல அடிச்சிருக்கு," என்றாள். "டீயைக் குடிச்சு முடி. கதை எழுதுறவங்களே டீச்சர்தானே, விக்டோரியா டீச்சர் ஸ்கூலுக்குப் போறோம்."

பள்ளிக்கூடத்துக்குள் போகத் தேவை இருக்கவில்லை. வாசலுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. பேனா, காம்பஸ் பாக்ஸ், கோடு போட்ட பரீட்சைத் தாள், அதைக் கட்டும் வெள்ளை நூல். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தாள் வாங்கிக்கொண்டுதான் பரீட்சைக்குப் போக வேண்டும். பரீட்சைத் தாளைக் கையிலெடுத்த பேயாண்டியைக் கடைக்காரர் லாசர் ஏற இறங்கப் பார்த்தார்.

"பரீட்சை முடிஞ்சு பதினஞ்சு நாளாச்சே தம்பி. பேப்பர் யாருக்கு?"

"எனக்குத்தேண்ணே. ஆறாப்புல ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

"அண்ணே, இந்த ஸ்கூல்ல அடிஷனல் ஷீட் அதிகமா வாங்குற பிள்ளை யாருன்னு தெரியுமா?" என்று தமிழ்ச்செல்வி நேராகக் கேட்டாள்.

லாசர் சிரித்துவிட்டார். "தெரியாமயா? எல்லாப் பிள்ளையும் எட்டுப் பேப்பர் வாங்கும். ஏழாப்புல ஒண்ணு மட்டும் இருபத்துநாலு கொண்டுபோகும். கட்டுறதுக்கு நூலு பத்தாம என் சட்டை நூலைப் பிரிச்சுக் குடுத்தேன்."

"யார் வீட்டுப் பிள்ளை?"

"என் வீட்டுப் பிள்ளைதாம்மா. ஐரின். ஏன், என்ன செஞ்சா?" சிரிப்பு நின்றுவிட்டது.

நான்கு பத்துக்குப் பள்ளி விட்டது. ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்த ஒரு பெண் சாலையைக் கடந்து கடைக்குள் வந்தாள். தமிழ்ச்செல்வி 'அடிஷனல் ஷீட்' என்ற பெயரைச் சொன்னதுதான் தாமதம், அவள் கண் அப்பாவின் செல்போன் பக்கம் போனது.

"அப்பா, கேம் விளையாடலப்பா. கதை மட்டுந்தான் எழுதுனேன். சத்தியமா."

"உன்னை யாரும் வையல பாப்பா. கடைசியாப் போட்ட கதை எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள் தமிழ்ச்செல்வி.

ஐரின் தோளிலிருந்து பையை இறக்கினாள். பிறகு புத்தகப்பையிலிருந்து சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, அதன் பழுப்பு அட்டையைப் பிரித்து, உள்ளே நான்காக மடித்திருந்த தாள்களை நீட்டினாள். காலாண்டுத் தமிழ் விடைத்தாள். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கடைசிக் கேள்வி வினாத்தாளிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டிருந்தது. 'ஊர்க் கபடிக் கோப்பை காணாமல் போகிறது. துப்பறியும் சிறுமி ஒருத்தி தன் தோழனுடன் வற்றிய கண்மாய்க்குச் செல்கிறாள். கதையைத் தொடர்ந்து எழுதி முடிக்க. 10 மதிப்பெண்.'

"கேள்வியில பேரு இல்லக்கா. ஆனா துப்பறியும் சிறுமின்னதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு, தும்பைதான்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் வேகமா முடிச்சுட்டு இதையே எழுதுனேன். பதினோரு பக்கம். முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. கையில பேப்பரைப் புடிச்சு இழுத்தாங்களா, என்ன எழுதுறதுன்னு தெரியல, மணி அடித்ததுன்னு எழுதிட்டேன். நெட்டுலயும் அப்படியே போட்டேன்."

"மிச்சத்தையும் எழுதிப் போட்டிருக்கலாம்ல?" என்றான் பேயாண்டி.

"அரையாண்டுக்கும் இதே மாதிரி கேள்வி வந்தா எழுதலாம்னு வச்சிருக்கேன்."

விடையின் கீழே சிவப்பு மையில் மூன்றரை என்று போட்டிருந்தது. பக்கத்தில் குறிப்பு: முடிவு முழுமை பெறவில்லை. பக்கத்தை வீணாக்காதே.

"யாரு பாப்பா கேள்வி எடுத்தது? திருத்துனது?"

"ரெண்டும் எங்க விக்டோரியா டீச்சர்."

பேயாண்டி மெல்ல விசிலடித்தான். தமிழ்ச்செல்வி லாசரைப் பார்த்தாள். "அண்ணே, கடையை ஒரு மணி நேரம் சாத்துங்க. ஒருத்தர் வேலை போகப்போகுது. உங்க மக பேப்பர் ஒண்ணுதான் அதை நிறுத்தும். நீங்களும் கூட வாங்க."

"எங்கக்கா?" என்றாள் ஐரின்.

"தும்பை புத்தகம் போடுற ஆபீசுக்கு."

"தேன்மாறன் சார் இருப்பாரா?"

தமிழ்ச்செல்வியால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. உண்மையும் சொல்ல முடியவில்லை. "வருவாங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விக்டோரியா டீச்சர் கைப்பையும் குடையுமாகக் கிளிக்கூண்டு பதிப்பகத்துக்குள் நுழைந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐரின் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "குட் ஈவ்னிங் டீச்சர்," என்றாள். சொல்லிவிட்டு டீச்சருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை. மறுபடி எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் நல்லகாமனிடம் திரும்பினார். "இந்தப் பிள்ளை இங்கே எதுக்கு? சொன்னது என்ன ஆச்சு? அந்த ஆளை அனுப்பிட்டீங்களா இல்லையா?"

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் டீச்சர்," என்றாள் தமிழ்ச்செல்வி. விடைத்தாளையும் பதின்மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இந்த முடிவு அருள்பாண்டி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஊர்ல இருக்கு. காலாண்டுப் பரீட்சையில, உங்க கேள்விக்குப் பதிலா. மணி கண்மாயில அடிக்க வழியில்லைன்னு நான் பாத்தேன். அது எங்கே அடிச்சதுன்னு கண்டுபிடிச்சது பேயாண்டி."

பேயாண்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளோடு வேலை பார்த்த பதினோரு கேஸில் முதல் தடவையாகத் தன் பெயரைக் கேட்கிறான். சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

நல்லகாமன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மணி, குறியீடு இல்லையா?"

"இல்ல சார். சூப்பர்வைசர் மிஸ் பேப்பரைப் பிடுங்கிட்டாங்க," என்றாள் ஐரின் மரியாதையாக.

டீச்சர் உட்கார்ந்தார். குடை தரையில் விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

"முடிவு வரவே இல்ல," என்றார். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "ரெண்டு மாசமா கண்மாயிலயே நின்னுட்டாங்க ரெண்டு பேரும். கேள்வித்தாள் எடுக்கச் சொன்னாங்க. சரி, பிள்ளைகளையே கேட்டுப் பாப்போம்னு போட்டேன். நூத்தி இருபது பேப்பர் திருத்தினேன். நூத்திப் பத்தொன்பதுல போலீஸ் வந்து திருடனைப் பிடிச்சிருச்சு. திருத்தி முடிச்ச மறுநாள் காலையில ஜெபம் பண்ணிட்டு எழுந்திரிச்சா முடிவு தானா வந்துச்சு. கர்த்தர் குடுத்தார்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

"அவரு குடுத்ததுதேன் டீச்சர், நூல் கட்டிக் குடுத்திருக்காரு," என்றான் பேயாண்டி. தமிழ்ச்செல்வி அவன் காலை மிதித்தாள்.

ஐரினுக்கு இப்போதுதான் கணக்கு விளங்கியது. டீச்சரையும், மேசையில் கிடந்த பழைய தும்பை புத்தகத்தின் அட்டையையும் பார்த்தாள்.

"நீங்கதான் தேன்மாறன் சாரா டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டினார்.

"அப்ப என் முடிவு நல்லாத்தான் இருந்துச்சா?"

அந்தக் கேள்வியில் கோபம் துளியும் இல்லை. அதுதான் டீச்சரை உடைத்தது. கைக்குட்டையைத் தேடி எடுத்தார். "நல்லா இருந்துச்சும்மா. நான் பன்னெண்டு புத்தகத்துல எழுதுனதை விட நல்லா இருந்துச்சு," என்றார்.

நல்லகாமன் வியாபாரி, சட்டென்று புகுந்தார். "பாப்பா பேரையும் சேத்து அட்டையில போட்டுருவோம். அண்ணே, உங்களுக்குச் சம்மதமா?" லாசர் மகளைப் பார்த்தார்.

ஐரின் விடைத்தாளைக் கையில் எடுத்தாள். "பேரு போடுங்க சார். ஆனா டீச்சர், இதுல அப்பா இன்னும் கையெழுத்துப் போடல. மூணரைன்னு இருக்கு. மாத்துவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரைத் தவிர. அவருக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது.

"மார்க் ரெஜிஸ்டர் இன்னிக்கு மத்தியானம் ஹெச்.எம். மேசைக்குப் போயிருச்சும்மா. மாத்தணும்னா என்ன காரணம்னு நான் எழுதிக் குடுக்கணும்."

சிரிப்பு அடங்கியது. காரணத்தை எழுதினால் தேன்மாறன் யார் என்பது பள்ளிக்குத் தெரியும். அனுமதி வாங்காமல் எழுதிய பன்னிரண்டு புத்தகமும் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அந்த அறையில் யாராலும் சொல்ல முடியாது. "ஐரின், விடு பாப்பா, மூணரையும் மார்க்குதான்," என்று லாசர் மகள் தோளைத் தொட்டார்.

டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தார். 'மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு' என்று எழுதுவதற்குள் மூன்று இடத்தில் எழுத்து கோணியது.

"குடுங்க டீச்சர், நான் அடிச்சுத் தாரேன். உங்க கையெழுத்து ஹெச்.எம்.முக்குப் புரியாது," என்றான் அருள்பாண்டி.

தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மேலே இரண்டு வரியைத் தானே அடித்துக்கொண்டான். "பொருள் போட்டாச்சு. மதிப்பெண் திருத்தம், காரணம்னு போட்டாச்சு. சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லத் தொடங்கினார். முதல் வாக்கியத்தில் ஐரினின் பெயரும் வகுப்பும் வந்தன. இரண்டாவதில் புத்தகம் வந்தது. மூன்றாவது வாக்கியம், 'இதில் எந்தத் தொடர்பும் இல்லாத அருள்பாண்டி என்பவர் மீது நான் வீண்பழி சுமத்தினேன்' என்று தொடங்கியது. கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

"அந்த வரி வேணாம் டீச்சர். அது பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு? நமக்குள்ள இருக்கட்டும்," என்றான் திரும்பாமலே.

"அடிங்க தம்பி," என்றார் டீச்சர்.

அருள்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியை அடித்தான்.